வாசலில் பலகை இல்லாத வீடு

என் தம்பி ஏழு மாதம் ஒரு வீட்டில் தங்கியிருந்தான். எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை. அவன் பெயரையும் எழுதப் போவதில்லை. இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்பதும் இதில் வராது. படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் குறையாகத் தெரியலாம். ஆனால் நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் அது என்ன மாதிரி வீடு என்று சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்துவதற்காக ஒருவரைச் சேர்க்கும் இடத்தை டீ-அடிக்‌ஷன் சென்டர் என்கிறோம், மறுவாழ்வு மையம் என்கிறோம். அங்கே முதல் சில நாள் உடம்பு மதுவிலிருந்து இறங்கும் காலம். கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்கு இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மருத்துவர் பார்வையில்லாமல் இதைக் கடக்க முயன்று உயிர் போனவர்கள் உண்டு. அது முடிந்தால் சில வாரம் கவுன்சிலிங், வகுப்புகள். அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்றால் அதே தெரு, அதே கூட்டாளிகள், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அதே டாஸ்மாக். தம்பி அப்படி இரண்டு தடவை சென்டருக்குப் போனான். இரண்டு தடவையும் வீடு திரும்பிக் கொஞ்ச நாளிலேயே மறுபடி குடித்தான். மூன்றாவது தடவை கவுன்சிலர், "நேரா வீட்டுக்கு வேண்டாம். இடையில கொஞ்ச மாசம் வேற இடத்துல இருக்கட்டும், அங்கேருந்தே வேலைக்குப் போகட்டும்" என்றார்.

அந்த இடைப்பட்ட இடம்தான் நான் சொல்லும் வீடு. வாடகைக்கு எடுத்த மாடி வீடு. 11 பேர். காலையில் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குக் கிளம்புவார்கள், இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள் கூடத்தில் பாய் விரித்து மீட்டிங். சமையல் முறை வைத்து. குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கே பெட்டியோடு வெளியே.

நான் முதல் முறை போனபோது தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். பலகை எதுவும் இல்லை. போன் செய்தால் வார்டன் அண்ணன், "பச்சை கேட்டும்மா, முன்னாடி முருங்கை மரம் நிக்கும்" என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, வருகிறவர்களுக்கு வசதியாக ஒரு பலகை வைக்கலாமே என்று கேட்டேன். "வைக்கலாம். வச்சா, காலையில இங்கேருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற 11 பேரும் யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்" என்றார். தெருவில் அதை ஒரு மேன்ஷன் மாதிரி, வெளியூர் ஆட்கள் தங்கும் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் உண்மை தெரியும். அவரிடம் மறைக்கவில்லை.

அந்தப் பதில் என்னை அசைத்ததற்குக் காரணம் உண்டு. தம்பியை முதன்முதலில் கூட்டிப்போக வந்த சென்டரின் வேன் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் 'குடிபோதை மறுவாழ்வு மையம்' என்று எழுதி, கீழே போன் நம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது. வேன் போன பிறகு எதிர்வீட்டு அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அம்மா கோலம் போடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள், நாலரை மணிக்கே எழுந்து போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

அந்த சென்டரில் போன் எடுக்கிறவர் நல்ல மனிதர். யார் கூப்பிட்டுக் கேட்டாலும், "ஆமாங்க, இருக்காரு, இப்பதான் சாப்பிட்டாரு" என்பார். கேட்கிற குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். ஒரு நாள் கேட்டது குடும்பம் இல்லை. தம்பி வேலை பார்த்த இடத்திலிருந்து யாரோ. மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு வாங்கியிருந்தோம்.

அமெரிக்காவில் இந்த ஒரு விஷயத்துக்கென்றே விதி இருக்கிறது. போதை சிகிச்சைப் பதிவுகளின் இரகசியத்துக்காக 1970-களின் தொடக்கத்தில் சட்டம் செய்தார்கள், 1975-ல் விரிவான விதிகள் வந்தன. அந்நாட்டு மத்திய அரசின் விதித் தொகுப்பில் அதற்குள்ள எண்ணை வைத்து '42 சி.எஃப்.ஆர். பகுதி 2' என்பார்கள். சிகிச்சைக்கு வந்தால் போலீஸுக்குத் தெரியும், வேலை போகும் என்ற பயத்தில் ஆட்கள் வராமலே இருந்துவிடுவார்கள் என்பதுதான் அதன் பின்னால் இருந்த கவலை. போதை சிகிச்சைக்கு மட்டுமான இடமென்று வெளியில் தெரிந்த ஓரிடத்துக்கு யாராவது போன் செய்து 'இன்னார் அங்கே இருக்கிறாரா' என்று கேட்டால், அவர் எழுத்தில் சம்மதம் தந்திருந்தாலொழிய, ஆமாம் என்று உறுதிப்படுத்தக் கூடாது. அந்த இடத்தின் பெயரே நோயைச் சொல்லிவிடுகிறதே! இதைப் படித்தபோது அந்த வேன்தான் மறுபடி கண் முன்னால் வந்தது. ஆனால் அந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. அது சிகிச்சை தரும் அமைப்புகளுக்கானது. சிகிச்சை எதுவும் தராமல், குடியை விட்டவர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு அங்கே பெரிய வரலாறே இருக்கிறது. 1975-ல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில், மூடப்படவிருந்த ஒரு விடுதியை அங்கே தங்கியிருந்தவர்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று பெயர். வார்டன் கிடையாது. கணக்கு, வேலைப் பங்கீடு, புது ஆளைச் சேர்ப்பது எல்லாமே வாக்கெடுப்பு. குடித்தால் வெளியேற்றம். பின்னால் வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரில் இப்படி ஒரு வீடு வந்தபோது, இரத்த உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் குடியிருக்கக் கூடாது என்ற நகர விதியைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 1995-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்திலிருந்து அந்த விதிக்கு விலக்குக் கிடையாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. சாதாரணத் தெருவில் சாதாரண ஆட்களாகக் குடியிருக்க விரும்பியவர்கள், அந்த உரிமைக்காகத் தங்கள் நோயை ஊரறிய நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

நம் ஊரில் இந்த மாதிரி இடங்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. பிறந்தநாள், திருமண நாள், பெரியவர்கள் நினைவு நாள் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது. அனாதை இல்லம், முதியோர் இல்லம், அப்புறம் மறுவாழ்வு மையம். அந்தப் பணம் இல்லாவிட்டால் பல இடங்களில் அடுப்பு எரியாது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டோடு கேமராவும் வருகிறது.

தம்பி இரண்டாவது தடவை சென்டரில் இருந்தபோது ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். குடும்பமே வந்திருந்தது. வெஜ் பிரியாணி, கேசரி, ஆளுக்கொரு வாழைப்பழம். சாப்பிடுவதற்கு முன் எல்லோரையும் தட்டோடு இரண்டு வரிசையில் நிற்க வைத்து, முன்னால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோ நாலு நாள் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. சித்தி அனுப்பியிருந்தாள், ஒரு கேள்விக்குறியோடு. சித்திக்கு யார் அனுப்பினார்கள், அவர்களுக்கு யார் என்பதெல்லாம் கடைசிவரை தெரியவில்லை. படத்துக்குக் கீழே 'குடிநோயாளி சகோதரர்களுடன் எங்கள் செல்லத்தின் பிறந்தநாள்' என்று இருந்தது. தம்பி இரண்டாவது வரிசையில் நின்றான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அது இப்போது இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர்களுக்கு அது புண்ணியம். படத்தில் இருக்கிறவர்களுக்கு வெளியே ஓர் அலுவலகம் இருக்கும், மாமனார் வீடு இருக்கும், பத்தாவது படிக்கும் மகள் இருப்பாள் என்பது அவர்கள் எண்ணத்திலேயே வரவில்லை. வந்திருக்க வேண்டியது சென்டரை நடத்துகிறவருக்கு. அவரோ அந்த போட்டோவைத் தங்கள் இணையப் பக்கத்திலும் போட்டிருந்தார். நாளைக்கு இன்னொருவர் பார்த்துவிட்டு அன்னதானம் செய்வார் என்று.

இதற்கு நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்கள் இரகசியமாக இருப்பது சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. 24-வது பிரிவு, மனநலச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. கணினியில் வைத்திருக்கும் தகவலுக்கும் இதே உரிமை உண்டு. சட்டத்தை மீறினால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒரு குடும்பம் தன் வாட்ஸ்அப்பில் போடுவது 'ஊடகத்துக்குத் தருவது' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். சென்டரே தன் பக்கத்தில் போட்டால் எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

அதே சட்டத்தின் 20-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது என்கிறது அந்த வரி. சீருடையைக் கட்டாயமாக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடையைப் போட்டுக்கொள்ளலாம் என்று அடுத்து வருகிறது. தம்பி இரண்டாவது சென்டரிலிருந்து வந்தபோது தலையில் அரை அங்குலம்தான் முடி. பேன் வரும் என்று எல்லோருக்கும் அடித்துவிடுவார்களாம். ஓடிப்போனால் அடையாளம் தெரியும் என்பதும் ஒரு காரணம் என்று அவன் அப்புறம் சொன்னான். தெருவில் பார்த்தவர்கள், "என்னப்பா, பழனியா, திருப்பதியா?" என்று கேட்டார்கள். அம்மா எல்லோரிடமும் திருப்பதி என்றாள். ஒருவர் லட்டு எங்கே என்று கேட்டுவிட்டார். அம்மா சாயங்காலம் கடைக்குப் போய் லட்டு வாங்கி, சின்னச் சின்னதாக உடைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். சாமி பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று அன்றிரவு அவள் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பலகை இல்லாத வீட்டில் ஒரு தாள் இருந்தது. சேரும் அன்றைக்கே அதை நிரப்பச் சொல்வார்கள். தலைப்பு 'யாரிடம் என்ன சொல்லலாம்'. இடது பக்கம் ஆட்களின் பெயரைத் தங்கியிருப்பவரே எழுத வேண்டும். அம்மா, அப்பா, மனைவி, முதலாளி, யார் வேண்டுமானாலும். வலது பக்கம் கட்டங்கள்: இங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லலாம். உடம்பு சரியில்லை என்றால் சொல்லலாம். மறுபடி குடித்தால் சொல்லலாம். வீட்டை விட்டுப் போய்விட்டால் சொல்லலாம். வாடகை பாக்கி இருந்தால் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிக் அடிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பட்டியலில் இல்லாதவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் கீழே அச்சிட்டிருந்தது: 'இங்கே யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. உங்கள் நம்பரைத் தாருங்கள்.'

தம்பி என் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தான். அப்பா பெயருக்கு நேரே முதல் இரண்டு மட்டும். அப்பாவுக்கு அது தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை. மாதா மாதம் வாடகை கட்டுவது நான், குடித்தானா இல்லையா என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வார்டன் அண்ணன் அசையவில்லை. "ஐயா, நீங்க வந்து அவர்கிட்டயே கேளுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, மாடில தனியா உட்கார்ந்து பேசுங்க. நான் சொன்னா அது கோள். அவர் சொன்னா அது பேச்சு" என்றார். அப்பா ஆறு வாரம் வரவில்லை. ஏழாவது வாரம் வந்தார். மாடியில் என்ன பேசினார்கள் என்று நான் இருவரிடமும் கேட்டதில்லை.

இரகசியம் காக்கச் சொல்லும் அந்த 23-வது பிரிவிலும் விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்ற நிலை, நீதிமன்ற உத்தரவு, சிகிச்சை தரும் வேறு மருத்துவர் என்று சில. இன்னொருவரைக் காப்பாற்றச் சொல்லும்போதும் அதற்குத் தேவையானதை மட்டும்தான் சொல்லலாம் என்று சட்டம் கவனமாகச் சொல்கிறது. சிகிச்சை பெறுபவர் தன் சார்பில் பேச நியமனப் பிரதிநிதி என்று ஒருவரைத் தானே வைத்துக்கொள்ளலாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ கைநாட்டு வைத்தாலோ போதும். தம்பி என்னை எழுதினான். அந்தத் தாளின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை.

அவன் அந்த வீட்டை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலை நிலைத்திருந்தது. ஒரு வரன் வந்தது. பெண் வீட்டாருக்கும் பிடித்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில், என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினேன். அவர் வீட்டிலும் குடிப் பிரச்சினை. அவருக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் ஆரம்பித்தேன், என் தம்பியும் இப்படித்தான் இருந்தான், அங்கே சேர்த்தோம், இப்போது எப்படி இருக்கிறான் தெரியுமா என்று. பெருமையாகத்தான் சொன்னேன். மூன்று வாரத்தில் பெண் வீட்டிலிருந்து ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. எந்த வழியாகப் போனது என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன், அதை எழுதத் தேவையில்லை.

பெண் வீட்டார் விசாரித்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் அது, அந்தப் பெண்ணுக்கு முதலில். தம்பியும் அதையேதான் நினைத்திருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை நேரில் பார்த்துத் தானே சொல்வதாக இருந்திருக்கிறான். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தான். எனக்கு இது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. "அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்க்கா. ஆனா என் வாயால கேட்டுட்டுச் சொல்லியிருப்பாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பழைய விஷயம் எதையோ சொல்வதுபோல், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

இதற்கு அப்புறம்தான் நான் சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குக் கணக்கு எழுதப் போக ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது கணக்குதான். ஆனால் பேப்பரைப் பார்க்கிறவளுக்கு, தகவல் எந்தெந்த வழியில் கசியும் என்பது தெரிந்துவிடுகிறது. வாசலில் வைத்த வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே முந்தைய வாரம் யார் யாரைப் பார்க்க வந்தார் என்பது தெரியும். ஆளுக்கொரு சீட்டாக மாற்றினோம். வாடகை ரசீதில் வீட்டை நடத்தும் அறக்கட்டளையின் முழுப் பெயரும் இருந்தது, அந்தப் பெயரிலேயே 'குடிநோய்' வருகிறது. ரசீதில் இப்போது கதவு எண்ணும் தெருவும் மட்டும். ஆதார் நகல் எடுக்க ஆளை முக்குக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தி, பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டோம். மாத்திரை டப்பாக்களில் பெயர் எழுதிக் கூடத்து அலமாரியில் வைத்திருந்தார்கள், எலக்ட்ரீஷியன் வந்தாலும் படிக்கலாம். அதை உள்ளே எடுத்தோம். கூடத்தில் சி.சி.டி.வி. வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாசலுக்கு மட்டும் போதும் என்று 11 பேருமே சொல்லிவிட்டார்கள். மீட்டிங் நடக்கிற இடத்தில் கேமரா இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்?

மீட்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்ததில்லை, உட்காரவும் கூடாது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழியைப் பின்பற்றுகிறார்கள். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் தொடங்கியது. அமைப்பின் பெயரிலேயே பெயர் சொல்லாமை இருக்கிறது. அதைத் தொடங்கிய இருவருமே வெளியில் பில் டபிள்யூ., டாக்டர் பாப் என்றுதான் அறியப்பட்டார்கள். குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் வகுத்த 12 மரபுகளில் கடைசி மரபு, பெயர் சொல்லாமையே மற்ற எல்லாவற்றுக்கும் ஆன்மிக அடித்தளம் என்கிறது. ஆரம்பத்தில் இது இவ்வளவு உறுதியாக இல்லை. 1940-ல் ரோலி ஹெம்ஸ்லி என்ற பேஸ்பால் வீரர், தான் இந்த அமைப்பால் குடியை விட்டதாகப் பத்திரிகைகளுக்குச் சொன்னார், நாடு முழுக்கச் செய்தி ஆனது. அதைப் படித்துப் பலர் உதவி தேடி வந்ததும் உண்மை. ஆனால் அப்படித் தெரிந்த முகம் ஒன்று நாளைக்கு மறுபடி குடித்தால், அதை நம்பி வந்தவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலையும் வந்தது. 1946-ல் மரபுகளை எழுதி வெளியிட்டார்கள், 1950-ல் ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகை, வானொலி, சினிமா என்ற அளவில் பெயர் வெளியிடாதிருப்பது அதில் ஒரு மரபு.

நம் ஊரில் இப்போது சென்டர்கள் எடுக்கும் 'மீண்டு வந்தவரின் கதை' வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலைதான் வருகிறது. 90 நாள் தாண்டிய ஒருவரை உட்கார வைத்து, மனைவியை அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் பேச வைக்கிறார்கள். அவரும் சம்மதித்துத்தான் பேசுகிறார். தங்கவும் சாப்பிடவும் இடம் தந்தவர் கேட்கும்போது, அந்த நன்றியில் எப்படி முடியாது என்பார்? அந்த மனைவியிடம் யாராவது கேட்டார்களா? வீடியோவில் பேசுகிறவர் அந்த இடத்தை விட்டுப் போய் ஆறு மாதமாவது ஆன பிறகு கேட்டால்தான் அது சம்மதம் என்பது என் கட்சி. தானே விரும்பி, பெயரோடு, முகத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அது அவர்கள் எடுத்த முடிவு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. இரகசியம் என்ற சொல்லைத் தங்களுக்குக் கவசமாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பூட்டி வைப்பது, அடிப்பது, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு குடும்பத்தையே பார்க்க விடாதது. யாராவது கேட்டால், 'பேஷண்ட் பிரைவசி' என்பார்கள். தனியுரிமை தங்கியிருப்பவருக்கு உரியது, கட்டடத்துக்கு உரியதில்லை. பார்க்க வருகிறவரைப் பார்ப்பதும் மறுப்பதும், நியாயமான நேரத்தில் போன் பேசுவதும் அதே மனநலச் சட்டத்தின் 26-வது பிரிவு தரும் உரிமை. பதிவு செய்யாமல் நடத்தினால் அதற்குத் தனியாக அபராதம். எங்கள் வீட்டு வாசலில் பலகை கிடையாது, ஆனால் உள்ளே கூடத்துச் சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் புகார் சொல்ல வேண்டிய இடங்களின் எண்கள், கீழே ஒரு போன், அதற்குப் பூட்டுக் கிடையாது. வீடு தேடுகிறவர்கள் பலகையைத் தேட வேண்டாம், இந்தச் சுவரைத் தேடுங்கள்.

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2018-ல் நடத்திய தேசிய ஆய்வு ஒன்றில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாக வருகிறது. உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். பணமில்லாமை, இடமில்லாமை, இது நோய் என்றே தெரியாமை என்று காரணங்கள் பல இருக்கும். மிச்சமிருக்கும் 37 பேரில் எத்தனை பேர் அந்தச் சிவப்பெழுத்து வேனை நினைத்துப் போகாமல் இருக்கிறார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அரசின் இலவச உதவி எண் 14446. தயங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்துப் பிரிண்ட் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தான். மூன்று இடத்தில் பேனாவால் அடித்திருந்தான். இரண்டு அவனைப் பற்றியது. ஒன்றில் நான் எழுதியிருந்தது அவனுக்குப் பெருமை சேர்க்கிற விஷயம்தான், ஆனால் அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, அந்த பிறந்தநாள் போட்டோவில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பற்றிய வரி. அவர் எப்படி நின்றார், என்ன சட்டை, கையில் என்ன என்று எழுதியிருந்தேன். எழுத்துக்கு அழகாக இருந்தது. ஓரத்தில் தம்பி சின்னதாக எழுதியிருந்தான்: 'இவர்ட்ட கேட்டியாக்கா?'